பாட் ஃபில்லர் சொட்டினால், கசிந்தால், ஆடினால்: அறிகுறியைப் பார்த்துச் சரிசெய்யும் வழி

அடுப்புக்கு மேலே சுவரிலிருந்து நீண்டு, பாத்திரத்துக்குள் நேராகத் தண்ணீர் விட்டுவிட்டு மடங்கிக்கொள்ளும் குழாய்தான் பாட் ஃபில்லர். பெரிய பாத்திரங்களில் சமைப்பவர்களுக்கு நல்ல உதவி. ஆனால் வீட்டின் மற்ற குழாய்களுக்கு இல்லாத ஒரு சிக்கல் இதற்கு உண்டு: கீழே சிங்க் கிடையாது. குளியலறைக் குழாய் சொட்டினால் தண்ணீர் வடிகாலுக்குப் போகும். இது சொட்டினால் பர்னருக்குள்ளும், அடுப்புக்கு அடியிலும், கேபினெட் மரத்துக்குள்ளும் போகும். அதனால் "அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்" என்று விடக்கூடிய கசிவு என்று இதில் எதுவும் இல்லை.

பெரும்பாலான மாடல்களில் இரண்டு வால்வுகள் இருக்கும். ஒன்று சுவரை ஒட்டி, இன்னொன்று தண்ணீர் விழும் மூக்குப் பக்கம். இவை குழாயை மூன்று பகுதிகளாகப் பிரிக்கின்றன. சுவருக்குள் இருப்பது முதல் பகுதி. அங்கே நாள் முழுக்க அழுத்தம் இருக்கும். இரண்டு வால்வுகளுக்கும் நடுவில் மடங்கும் கை இரண்டாவது. மூக்கு வால்வைத் தாண்டியது மூன்றாவது. கோளாறு எந்தப் பகுதியில் என்று தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. அதற்கு ஸ்பேனர்கூடத் தேவையில்லை. சுவர் வால்வை மட்டும் மூடிவிட்டுச் சற்று நேரம் பாருங்கள். கசிவு நின்றுவிட்டால் கோளாறு கையில் அல்லது மூக்கில். நிற்கவில்லை என்றால் சுவர் வால்வே தேய்ந்திருக்கிறது, இல்லையேல் சிக்கல் சுவருக்குள் இருக்கிறது.

கை வைக்கும் முன் அடுப்பை அணைத்து ஆறவிட்டு, கேஸ் வால்வையும் மூடிவிடுங்கள். அடுப்பின் மேல் ஒரு பலகையும் பழைய துண்டும் விரியுங்கள். கைப்பிடியைக் கழற்றும்போது விழும் சின்னத் திருகு பர்னர் ஓட்டைக்குள் போனால், அதைத் தேடி எடுப்பது குழாய் வேலையைவிடப் பெரிய வேலை.

மூடிய பிறகும் மூக்கிலிருந்து சொட்டுகிறது

அதிகம் வரும் புகார் இதுதான். பாதிப் பேருக்கு இது கோளாறே இல்லை. சொட்டு எப்போது விழுகிறது, எப்போது நிற்கிறது என்று முதலில் கவனியுங்கள்.

மூடியதும் சில சொட்டுகள் விழுந்து தானாக நின்றுவிட்டால், அது வால்வைத் தாண்டி மூக்கில் தங்கியிருந்த தண்ணீர். கையை நீட்டி மடக்கும்போது அசைவில் விழும் இரண்டு மூன்று சொட்டும் அப்படித்தான். மடக்குவதற்கு முன் பாத்திரத்தின் மேலேயே மூக்கை லேசாகத் தட்டிவிட்டால் போதும்.

மற்ற நேரம் ஒழுங்காக இருந்து, அடுப்பு எரியும்போது மட்டும் சொட்டினால் காரணம் வேறு. கைக்குள் அடைபட்ட தண்ணீர் சூடாகி விரிகிறது. 60 சென்டிமீட்டர் நீளமும் 12 மில்லிமீட்டர் உள்விட்டமும் உள்ள கைக்குள் ஏறக்குறைய 70 மில்லிலிட்டர் தண்ணீர் நிற்கும். அது 25 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குச் சூடானால் ஒரு மில்லிலிட்டர் அளவுக்கு விரியும். கணக்கில் சின்னதாகத் தெரிந்தாலும், இருபது சொட்டுக்கு அது போதும். கொதிக்கும் தண்ணீரில் விழுந்தால் யாருக்கும் தெரியாது. காய்ந்த எண்ணெயில் விழுந்தால் தெறித்துக் கையைச் சுடும்.

இதற்கு உதிரிபாகம் எதுவும் மாற்ற வேண்டாம், மூடும் வரிசையை மாற்றினால் போதும். பலரும் மூக்கு வால்வை முதலில் மூடிவிட்டு அப்புறம் சுவர் வால்வை மூடுகிறார்கள். அப்படிச் செய்தால் கைக்குள் இருக்கும் தண்ணீர் அழுத்தத்தோடு சிறைப்படுகிறது. சுவர் வால்வை முதலில் மூடி, மூக்கில் வரும் மிச்சத்தைப் பாத்திரத்திலேயே விழவிட்டு, நின்றதும் மூக்கு வால்வை மூடுங்கள். உள்ளே அழுத்தம் இருக்காது, மடக்கு மூட்டுகளில் இருக்கும் ரப்பர் வளையங்களும் நீண்ட நாள் உழைக்கும். கையை எரியும் பர்னருக்கு மேல் மடக்கி வைக்காமல், பக்கவாட்டில் ஒதுக்கி வைப்பதும் இதோடு சேர்ந்த பழக்கம்.

இந்த இரண்டும் இல்லாமல், அடுப்பு எரிந்தாலும் எரியாவிட்டாலும் விடாமல் சொட்டினால் வால்வுக்குள் தண்ணீரைத் திறந்து மூடும் உள்பாகமான கார்ட்ரிட்ஜ் போய்விட்டது. மூக்கு வால்வை மூடிச் சுவர் வால்வைத் திறந்து வைத்தால் சொட்டுகிறதா? மூக்குக் கார்ட்ரிட்ஜ். சுவர் வால்வை மூடி மூக்கைத் திறந்து வைத்தும் நிற்காமல் சொட்டுகிறதா? சுவர்க் கார்ட்ரிட்ஜ். இரண்டையும் மூடினால்தான் நிற்கிறது என்று ஓட்டிக்கொண்டிருப்பவர்கள், காப்புக்கு இருந்த இரண்டாவது பூட்டையும் செலவழித்துக்கொண்டிருக்கிறார்கள்.

இன்றைய குழாய்களில் பெரும்பாலும் கால் திருப்பில் திறந்து மூடும் செராமிக் கார்ட்ரிட்ஜ்தான். வழவழப்பான இரண்டு பீங்கான் தட்டுகள் ஒன்றன்மேல் ஒன்று உரசித் தண்ணீரை நிறுத்துகின்றன. தட்டு எளிதில் தேயாது. ஆனால் நடுவில் ஒரு மணல் துகள் மாட்டினால் கீறல் விழும், கீறல் வழியாகத் தண்ணீர் வரும். புதிதாகப் பொருத்திய வாரமே சொட்ட ஆரம்பித்தால், பைப்பை அலசாமல் குழாயை மாட்டியிருக்கிறார்கள் என்றே நினைக்கத் தோன்றும். பைப்பை வெட்டியபோது விழுந்த தூள், சிமென்ட், டேப் துணுக்கு எல்லாம் முதல் திறப்பிலேயே கார்ட்ரிட்ஜுக்குள் போய்ச் சேரும்.

மாற்றும் முறை கடினமில்லை. இந்தக் கிளைக்கு வரும் தண்ணீரை அடைத்து, இரண்டு வால்வுகளையும் திறந்து மிச்சத்தை வடியவிடுங்கள். கைப்பிடியில் சின்ன மூடி இருந்தால் நகத்தால் நெம்பி எடுங்கள். உள்ளே ஆலன் கீ போடும் திருகு இருக்கும். கைப்பிடி வந்ததும் மேலுறையைச் சுழற்றிக் கழற்றி, ஸ்பேனரால் கார்ட்ரிட்ஜை இடப்பக்கமாகத் திருகி எடுங்கள். எடுக்கும் முன் ஒரு போட்டோ. கீறல் தெரியவில்லை, வெறும் துகள்தான் என்றால் கழுவித் திரும்பப் போட்டுப் பார்க்கலாம். கீறல் இருந்தால் புதியது வாங்குவதுதான் வழி.

வாங்கும்போது பழையதைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். உயரம், மரை, கைப்பிடி உட்காரும் பற்களின் எண்ணிக்கை மூன்றும் பொருந்த வேண்டும். நான்காவது ஒன்றும் உண்டு, அதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள்: திறக்கும் திசை. வெந்நீருக்கும் குளிர்ந்த தண்ணீருக்கும் பக்கத்துப் பக்கத்துக் கைப்பிடிகள் எதிரெதிராகத் திறக்க வேண்டும் என்பதால், இந்தக் கார்ட்ரிட்ஜ்கள் இடம், வலம் என இரண்டு வகையாக வருகின்றன. மாற்றிப் போட்டால் கசிவு நின்றுவிடும், ஆனால் கைப்பிடி தலைகீழாக வேலை செய்யும். வீட்டில் இருப்பவர் மூடுவதாக நினைத்துத் திறந்துவிட்டுப் போவார்.

கை மடங்கும் மூட்டில் ஈரம்

ஒவ்வொரு மூட்டைச் சுற்றியும் உலர்ந்த டிஷ்யூ காகிதத்தைச் சுற்றி, சுவர் வால்வைத் திறந்து, மூக்கை மூடி வையுங்கள். எந்தக் காகிதம் முதலில் நனைகிறதோ அதுதான் இடம். வெறும் கண்ணால் பார்த்தால் ஏமாறுவோம். மேல் மூட்டில் கசிந்த தண்ணீர் கையின் அடிப்பக்கமாகவே ஓடி, அடுத்த மூட்டில் வந்து சொட்டும்.

காரணம் ஓ-ரிங், அதாவது மூட்டுக்குள் இருக்கும் ரப்பர் வளையம். சூடும் எண்ணெய்ப் புகையும் சேர்ந்து ரப்பரைக் கெட்டியாக்கிவிடும். மூட்டின் திருகைக் கழற்றி, பழைய வளையத்தை எடுத்து, அது உட்காரும் பள்ளமான காடியைத் துணியால் துடைத்து, அதே அளவில் புதியதைப் போடுங்கள். எடுக்கும்போது கத்தி முனையால் நெம்ப வேண்டாம். காடியில் விழும் கீறல் புதிய வளையத்தையும் கசியவைக்கும். பல் குத்தும் குச்சி போதும். புதியதற்கு உணவுக்கு உகந்த சிலிக்கான் கிரீஸ் மட்டும் தடவுங்கள். வண்டிக்குப் போடும் கிரீஸும் வாசலினும் கூடாது. குடிநீர்க் குழாய்களில் அதிகம் வரும் இபிடிஎம் ரப்பர், பெட்ரோலிய எண்ணெய் பட்டால் ஊதிப்போய் உருக்குலைந்துவிடும்.

வாங்கும் முன்பே கேட்க வேண்டிய கேள்வி இங்கே இருக்கிறது: இந்த மாடலுக்கு ஓ-ரிங்கும் கார்ட்ரிட்ஜும் தனியாகக் கிடைக்குமா? கிடைக்காது என்றால் அந்தக் குழாய் எவ்வளவு பளபளத்தாலும் வேண்டாம். மூட்டுகளில் ரப்பர் தேய்வது விபத்து இல்லை, அதன் இயல்பு.

சுவரோரம் ஈரம், தட்டைச் சுற்றிக் கறை

இதுதான் பயப்பட வேண்டிய அறிகுறி. சுவரை ஒட்டிய வட்டத் தட்டுக்குக் கீழே ஈரம், டைல்ஸ் இடுக்கு கறுப்பது, பின்பக்கத்து அறைச் சுவரில் பெயின்ட் உப்புவது, அடுப்படி கேபினெட்டின் முதுகுப் பலகை வீங்குவது எல்லாம் இந்த வகைதான்.

சமையல் தெறிப்பா, கசிவா என்பதை முதலில் பிரியுங்கள். தட்டின் சின்னத் திருகைத் தளர்த்தி, தட்டை முன்னால் இழுத்துவிட்டு, உள்ளே தெரியும் இணைப்பைத் துடைத்து டிஷ்யூ சுற்றி வையுங்கள். குழாயைப் பயன்படுத்தாமலேயே ஓரிரு மணி நேரத்தில் காகிதம் நனைந்தால் மரையில் கசிவு. காகிதம் உலர்ந்திருந்து சுவர் மட்டும் ஈரமாக இருந்தால் இன்னும் உள்ளே, பைப் வளைந்து திரும்பும் இணைப்பான எல்போவிலோ பைப் ஒட்டிலோ கசிகிறது.

தண்ணீர் மீட்டர் இருக்கும் வீட்டில் இன்னொரு சோதனையும் செய்யலாம். எல்லாக் குழாய்களையும் மூடிவிட்டு மீட்டரைப் பாருங்கள். ஒரு மணி நேரம் கழித்து எண் நகர்ந்திருந்தால் பாட் ஃபில்லர் கிளையின் தனி வால்வை மூடி மறுபடி பாருங்கள். இப்போது நகரவில்லை என்றால் குற்றவாளி யாரென்று தெரிந்துவிட்டது. கிளைக்குத் தனி வால்வே இல்லை என்றால், வேறு எந்தப் பழுதும் பார்ப்பதற்கு முன் அதைப் போடுங்கள். கைக்கு எட்டும் இடத்தில், சிங்குக்கு அடியில் இருந்தால் நல்லது. இந்த ஒரு வால்வு இல்லாமல் பாட் ஃபில்லர் பொருத்த ஒரு பிளம்பர் வந்தால் நான் வேலையைத் தொடங்கவே விடமாட்டேன்.

மரையில் கசிவுக்கு மூன்று காரணங்கள் திரும்பத் திரும்ப வருகின்றன.

முதலாவது, மரை வகை பொருந்தாதது. உலகில் குழாய்களுக்கு இரண்டு மரைக் குடும்பங்கள் புழக்கத்தில் உள்ளன: அமெரிக்க என்பிடி, மற்ற பல நாடுகளில் பிஎஸ்பி. அரை அங்குல அளவில் இரண்டுக்குமே அங்குலத்துக்கு 14 மரை. அதனால் ஒன்றை இன்னொன்றில் போட்டால் முதல் சில சுற்றுகள் அழகாக ஏறும். ஆனால் என்பிடி மரையின் கோணம் 60 டிகிரி, பிஎஸ்பி 55 டிகிரி; விட்டமும் கொஞ்சம் வித்தியாசம். இறுக்கமாகிவிட்டது போலத் தோன்றும், உள்ளே இடைவெளி அப்படியே இருக்கும். எவ்வளவு டேப் சுற்றினாலும் நம்பகமாக நிற்காது. வெளிநாட்டு மாடலை ஆன்லைனில் வாங்குபவர்கள் பெட்டியில் மரை வகை என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்துவிட்டு, தேவையென்றால் ஒரு பக்கம் என்பிடி, மறுபக்கம் பிஎஸ்பி உள்ள பித்தளை அடாப்டரையும் சேர்த்து வாங்கிவிடுங்கள்.

இரண்டாவது, பின்னோக்கித் திருப்பியது. இறுக்கிக்கொண்டே வரும்போது குழாயின் உடல் நேராக நிற்க வேண்டிய இடத்தைச் சற்றுத் தாண்டிவிடும். சரி, கொஞ்சம் பின்னால் எடுப்போம் என்று கால் சுற்று திருப்புவார்கள். அந்தக் கால் சுற்றிலேயே டெஃப்ளான் டேப்பின் பிடி விட்டுப்போகும். தாண்டிவிட்டால் முழுக்கக் கழற்றி, பழைய டேப்பைச் சுரண்டி எடுத்து, புதிதாகச் சுற்றுவதுதான் முறை. மரையின் முனையை உங்களைப் பார்த்து வைத்துக்கொண்டு, கடிகாரம் சுற்றும் திசையில் நான்கைந்து சுற்று, இழுத்துப் பிடித்து. எதிர்த் திசையில் சுற்றினால் இறுக்கும்போது டேப் சுருண்டு வெளியே வந்துவிடும்.

மூன்றாவது, பிளாஸ்டிக் எல்போவுக்குள் உலோக மரையை முறுக்கியது. சிபிவிசி என்ற பிளாஸ்டிக்கில் செய்த எல்போவின் உள்மரையில் பித்தளையை அழுத்தி ஏற்றினால் முடி அளவு விரிசல் விழும். அன்றைக்குத் தெரியாது, சில மாதம் கழித்துச் சுவர் சொல்லும். பித்தளை மரை பதித்த எல்போ போட்டால் இந்தத் தொல்லை இல்லை.

விரிசலோ ஒட்டுக் கசிவோ உள்ளே இருந்தால் டைல்ஸை உடைக்காமல் வழியில்லை. வெளியே சிலிக்கான் பூசி மறைக்க வேண்டாம். தண்ணீர் நிற்காது, நாம் பார்க்க முடியாத பக்கமாகப் போகும். புதிதாகப் போடுபவர்களுக்கு ஒரே வார்த்தை: டைல்ஸ் ஒட்டும் முன் பைப் முனையைப் பிளக் போட்டு அடைத்து, வழக்கமான அழுத்தத்தைவிட ஒன்றரை மடங்கு ஏற்றி, அழுத்தமானி இறங்குகிறதா என்று பாருங்கள். பைப் ஓடும் வழியை அளவு டேப்போடு சேர்த்துப் போட்டோ எடுத்து வையுங்கள்.

தண்ணீர் நூலாக வருகிறது

புதிதாகப் போட்டபோதே இப்படியா, போகப்போகக் குறைந்ததா? இரண்டுக்கும் வைத்தியம் வேறு.

போகப்போகக் குறைந்தது என்றால் அடைப்பு. மூக்கின் நுனியில் இருக்கும் வலையைக் கழற்றிப் பாருங்கள். உப்புத் தண்ணீர் வரும் வீடுகளில் வெள்ளையாகப் படிந்திருக்கும். வினிகரில் அரை மணி நேரம் ஊறவைத்துப் பழைய பல் துலக்கியால் தேய்த்தால் போய்விடும். ஆனால் வலையை மட்டும் கழற்றி ஊறவையுங்கள். கறுப்பு, தங்க நிறப் பூச்சுகளுக்கு வினிகர் ஆகாது. வலை சுத்தமாக இருந்தும் வேகம் இல்லை என்றால் சிங்குக்கு அடியில் உள்ள தனி வால்வு முழுதாகத் திறந்திருக்கிறதா பாருங்கள். பழுது பார்த்தவர் பாதி திறந்துவிட்டுப் போயிருப்பார்.

முதல் நாளிலிருந்தே மெதுவாகத்தான் வருகிறது என்றால் அழுத்தத்தைக் கணக்குப் போட வேண்டும். மேல்நிலைத் தொட்டியிலிருந்து தானாக இறங்கும் தண்ணீர் என்றால், மூக்குக்கும் தொட்டியின் நீர்மட்டத்துக்கும் உள்ள உயரம்தான் அழுத்தம்: 10 மீட்டருக்கு ஏறக்குறைய 1 பார். மூன்று மீட்டர் உயரம் என்றால் 0.3 பார்தான். நல்ல அழுத்தத்தை நம்பி வடிவமைத்த குழாய்கள் இந்த 0.3-இல் அழுதுகொண்டுதான் வரும். பாட் ஃபில்லரில் தண்ணீர் இரண்டு கார்ட்ரிட்ஜ்களையும் சில வளைவுகளையும் தாண்ட வேண்டியிருப்பதால் சாதாரணக் குழாயைவிட இழப்பும் அதிகம். பெட்டியில் 'குறைந்தபட்ச அழுத்தம்' என்று ஓர் எண் இருக்கும். வாங்கும்போது நிறத்துக்கு முன்னால் அதைப் பாருங்கள்.

அளந்து பார்க்க ஒரு வாளியும் கைக்கடிகாரமும் போதும். நிமிடத்துக்கு 15 லிட்டர் வந்தால் எட்டு லிட்டர் பாத்திரம் அரை நிமிடத்தில் நிறையும். நான்கு லிட்டர் வந்தால் இரண்டு நிமிடம். இரண்டு நிமிடம் என்பது ஆபத்தான நேரம்: திறந்துவிட்டு வேறு வேலைக்குத் திரும்பி மறந்துபோக அது தாராளமாகப் போதும். அழுத்தம் போதாது என்றால் கிளையைச் சுவர் வரைக்கும் முக்கால் அங்குலத்தில் கொண்டுபோவது, மூக்கில் இருக்கும் வேகக் கட்டுப்பாட்டு வளையத்தை உற்பத்தியாளர் அனுமதித்தால் எடுப்பது, கடைசியாகப் பிரஷர் பம்ப். பம்ப் போடுவதென்றால் 5.5 பாரைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தாண்டினால் ஓ-ரிங்குகளின் ஆயுள் குறையும்.

ஆர்ஓ சுத்திகரிப்பானிலிருந்து லைன் எடுத்தவர்களுக்கு ஒரு வார்த்தை. வீட்டு ஆர்ஓ மணிக்குப் பத்துப் பதினைந்து லிட்டர்தான் தரும். அதன் சின்னத் தொட்டியை ஒரே பாத்திரத்தில் காலி செய்துவிட்டு, குழாயில் கோளாறு என்று தேடிப் பயனில்லை. சமையலுக்குச் சுத்தமான தண்ணீர் வேண்டும் என்றால் முழு வேகத்துக்குத் தாங்கும் வண்டல், கார்பன் வடிகட்டியைக் கிளையில் போடுங்கள்.

மூடும்போது சுவருக்குள் 'டம்' என்று அடிக்கிறது

கால் திருப்பு வால்வு பட்டென்று மூடுவதால் ஓடிக்கொண்டிருந்த தண்ணீர் மோதுகிறது. மெதுவாக மூடிப் பாருங்கள். சத்தம் போனால் குழாயில் குறையில்லை. போகாவிட்டால் அழுத்தம் அதிகம், அல்லது சுவருக்குள் பைப் சரியாகக் கட்டப்படாமல் ஆடுகிறது. அதிர்ச்சி தாங்கும் சின்ன உருளை ஒன்றைக் கிளையில் சேர்த்தால் அடங்கும்.

நீட்டிய கை நிற்காமல் நகர்கிறது, தட்டு ஆடுகிறது

கையை நீட்டிவிட்டு விட்டால் தானாக ஒரு பக்கம் ஓடுகிறதா? கையின் மேல் ரசமட்டம் வையுங்கள். பெரும்பாலும் கை மட்டத்தில் இருக்காது. சுவரில் ஒரு டிகிரி சாய்ந்தால்கூட 60 சென்டிமீட்டர் நீண்ட கையின் நுனி ஒரு சென்டிமீட்டர் இறங்கிவிடும். மட்டத்தில் இருந்தும் நகர்ந்தால் மூட்டின் இறுக்கத் திருகைக் கொஞ்சமாக இறுக்குங்கள். கை நகர்த்தவே முடியாதபடி இறுக்கினால் அந்த விசை எல்லாம் சுவர் இணைப்புக்குப் போகும்.

தட்டோடு சேர்ந்து முழுக் குழாயும் ஆடினால் கை வைக்காமல் நிறுத்துங்கள். உள்ளே எல்போ சுவரிலோ மரச் சட்டத்திலோ திருகப்படாமல் வெறும் பைப்பிலேயே தொங்குகிறது என்று அர்த்தம். காது வைத்த எல்போ என்று கடையில் கேட்டால் தருவார்கள். அதன் இரண்டு காதுகளிலும் திருகு போட்டுப் பிடித்திருக்க வேண்டும். ஒவ்வொரு முறை கையை இழுக்கும்போதும் மரை அசைந்துகொண்டே இருந்தால் இன்று இல்லாவிட்டாலும் கசியும்.

தட்டு ஆடவில்லை, சுவரோடு ஒட்டாமல் இடைவெளி விடுகிறது என்றால் நிப்பிள் எனப்படும் குட்டைப் பைப் துண்டின் நீளம் சரியில்லை. டைல்ஸும் அதன் பசையும் சேர்ந்து சுவரை ஒன்றரை சென்டிமீட்டர் வரை முன்னே தள்ளிவிடும். அதைக் கணக்கில் சேர்க்காமல் பைப்பை நிறுத்தியிருப்பார்கள். உள்ளே அதிகம் போயிருந்தால் எக்ஸ்டென்ஷன் நிப்பிள் போடலாம். வெளியே அதிகம் நீண்டிருந்தால் குட்டையான நிப்பிள் மாற்ற வேண்டும்.

பெரிய பாத்திரம் கீழே நுழையவில்லை, அல்லது முன் அடுப்புக்கு எட்டவில்லை

இதைப் பழுது என்று சொல்ல முடியாது. தேர்வில் நடந்த தவறு. டைல்ஸ் ஒட்டிய பிறகு திருத்த முடியாத ஒன்றும்கூட. அதனால் இன்னும் வாங்காதவர்கள் இந்தப் பகுதியை முதலில் படியுங்கள்.

உயரத்துக்கு, வீட்டிலேயே மிக உயரமான பாத்திரத்தை அடுப்பின் மேல் வையுங்கள். அதன் விளிம்புக்கு மேல் ஒரு கை அகலமாவது விட்டு மூக்கின் நுனி வர வேண்டும். பொதுவாக அடுப்புத் தாங்கியிலிருந்து 40 முதல் 55 சென்டிமீட்டர் வரும். அதற்கு மேல் போனால் சின்னப் பாத்திரத்தில் தண்ணீர் தெறிக்கும், சிம்னி ஹூட்டிலும் கைப்பிடி இடிக்கும். இங்கே அளக்க வேண்டியது மூக்கு நுனி. சுவரில் வரும் ஓட்டையின் உயரம் மாடலுக்கு மாடல் அதிலிருந்து வேறுபடும். படத்தாளில் இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பார்த்துக் குறியுங்கள்.

நீளத்துக்குச் சுவரிலிருந்து முன் பர்னரின் நடு வரைக்கும் அளவெடுங்கள். 45 முதல் 60 சென்டிமீட்டர் வரை நீளும் மாடல்கள் பரவலாகக் கிடைக்கின்றன. ஓட்டை அடுப்பின் நட்ட நடுவில்தான் வர வேண்டும் என்பதில்லை. கொஞ்சம் பக்கவாட்டில் வைத்தால் மடக்கிய கை தீக்கு மேல் வராமல் ஓரமாக நிற்கும். முடிவெடுக்கும் முன் அட்டையில் கையை வெட்டி, நடுவில் குண்டூசி குத்தி மடங்கும்படி செய்து சுவரில் வைத்து ஆட்டிப் பாருங்கள். மேலலமாரிக் கதவு, ஹூட், சுவர் மூலை எதில் இடிக்கும் என்று உடனே தெரிந்துவிடும்.

மேடைக்கல்லில் நிறுத்தும் மாடலும் உண்டு. சுவரை உடைக்க முடியாதவர்களுக்கு அது சௌகரியம். கல்லில் துளை போட்டால் போதும், இணைப்பும் கீழே கைக்கு எட்டும். என் ஓட்டு, பழைய சமையலறைகளுக்கு அதற்குத்தான்.

முதல் தண்ணீரில் வாடை, நிறம், துகள்

மற்ற குழாய்களைப் போல இது அடிக்கடி ஓடுவதில்லை. அரை அங்குலப் பைப்பில் ஒரு மீட்டருக்கு ஏறக்குறைய 130 மில்லிலிட்டர் தண்ணீர் நிற்கும். ஐந்து மீட்டர் கிளை என்றால் முக்கால் லிட்டருக்குக் கொஞ்சம் குறைவு. பல நாள் கழித்துத் திறந்தால் முதல் ஒரு லிட்டரைப் பிடித்துச் செடிக்கு ஊற்றிவிட்டு, அப்புறம் சமையலுக்கு எடுங்கள்.

பால் போல வெளுத்து வந்து, டம்ளரில் அடியிலிருந்து மேலாகத் தெளிந்தால் அது காற்றுக் குமிழி, பயமில்லை. பழுப்பு என்றால் எங்கோ இரும்புப் பைப் துருப்பிடிக்கிறது. நீலப் பச்சைக் கறை தாமிரப் பைப் அரிப்பைக் காட்டும். கறுப்புத் துகள் விரலில் தேய்த்தால் மை போல ஒட்டினால் ரப்பர் வாஷர் கரைகிறது. மூட்டுகளின் ஓ-ரிங்குகளையும் வளையும் குழாய் இருந்தால் அதையும் பாருங்கள்.

வெந்நீர் லைனில் இணைத்தால் சீக்கிரம் கொதிக்குமே என்று கேட்பார்கள். வேண்டாம். சூடான தண்ணீரில் பைப்பிலும் ஹீட்டரிலும் இருக்கும் உலோகம் அதிகமாகக் கரையும். சமையலுக்குக் குளிர்ந்த லைன்தான் சரி. குழாய் வாங்கும்போது ஈயம் குறைந்த பித்தளை அல்லது 304 ஸ்டீல் என்று பாருங்கள். என்எஸ்எஃப் 372 என்ற முத்திரை இருந்தால் தண்ணீர் படும் பாகங்களின் ஈய அளவு சராசரியாக 0.25 சதவீதத்துக்கு மேல் இல்லை என்று பொருள்.

மேற்பூச்சில் பிசுபிசுப்பு

எண்ணெய்ப் புகை. வாரம் ஒருமுறை வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திர சோப்பு கலந்து மெல்லிய துணியால் துடைத்து, உலர்த்திவிடுங்கள். பிளீச்சும் கம்பி நாரும் பூச்சை எடுத்துவிடும். துடைக்கும்போதே இரண்டு கைப்பிடிகளையும் ஒருமுறை திறந்து மூடிவிட்டால், பயன்படுத்தாத வாரத்திலும் வால்வு இறுகாது, பைப்பில் தண்ணீரும் தேங்காது.